வெண்பா (நிகழ்பட ஆட்டம்): தொடக்கக் காட்சி

வெண்பா, கனடாவின் டொராண்டோ நகரிலுள்ள விசை கேம்ஸ் நிறுவனம் உருவாக்கி 2023 சூலை 31 அன்று வெளியிட்ட நிகழ்பட ஆட்டமாகும். கனடாவில் குடியேறிய வெண்பா, பாவலன் என்னும் தமிழ் இணையரின் கதை இது. 2024-ஆம் ஆண்டு சிறந்த அறிமுக ஆட்டத்துக்கான பாஃப்டா விருதைப் பெற்றது.

முதல் அத்தியாயம் 1988-இல் நடக்கிறது. வெண்பாவுக்கு உடல்நிலை சரியில்லை. ஆனாலும் கணவனுக்கு இட்லி செய்து கொடுக்க அடுப்படிக்குப் போகிறாள். அங்கே ஆட்டம் நம் கைக்கு வருகிறது. அம்மா கொடுத்த சமையல் குறிப்பேடு பழுதாகிக் கிடக்கிறது. அழிந்துபோன படிகளை நாமே ஊகிக்க வேண்டும். முதற்புதிர் இட்லித் தட்டுகளை அடுக்குவது. குழிக்கு நேர் மேலே குழி வராமல் மாற்றி அடுக்கினால்தான் ஆவி பரவி இட்லி உப்பும். வீட்டில் இட்லி அவித்தவர்களுக்கு இது புதிரே அல்ல. மற்றவர்கள் சற்றுத் திணறலாம். தவறினால் மீண்டும் செய்யலாம்.

சண்டையோ வரைபடமோ இல்லை. சமையலின்போது ஒலிக்கும் பாடல்கள் அந்தந்தக் காலத் தமிழ்த் திரையிசையின் சாயலில் அமைந்தவை. வெளியே கனடா இருப்பதையே சிறிது நேரம் மறந்துவிடுகிறோம்.

இந்த அத்தியாயத்திலேயே வெண்பா கருவுற்றிருப்பது தெரியவருகிறது. ஊருக்குத் திரும்புவதா, குழந்தைக்காக இங்கேயே தங்குவதா? இருவரும் தங்குகிறார்கள். பின்னர் வளர்ந்து தமிழிலிருந்து விலகிப்போகும் மகன் கவினின் கதை இந்த முடிவிலிருந்தே தொடங்குகிறது.