நாலு பேர் சிரித்தால்?

"நாலு பேர் சிரிப்பார்களே!" என்று சொல்லிக் கொண்டு நம்மில் எத்தனை பேர் எத்தனை காரியங்களைக் கை கழுவியிருக்கிறோம்! நாற்பது வயதில் பாட்டுக் கற்றுக் கொள்ள ஆசைப்பட்ட மாமி, சைக்கிள் பழக விரும்பிய மாமா, இண்டர்வியூவுக்குப் புறப்பட்டுப் போய் ஆபீஸ் வாசற்படியைப் பார்த்ததும் திரும்பி வந்துவிட்ட பிள்ளையாண்டான் - எல்லாரையும் தடுத்து நிறுத்தியது இந்த நாலு பேர்தான். இவர்கள் யார், எந்தத் தெருவில் குடியிருக்கிறார்கள் என்று கேட்டால் மட்டும் ஒருவருக்கும் தெரியாது.

இந்த நாலு பேருக்குப் பயந்து நடுங்கிய ஓர் இளைஞரின் கதையைக் கேளுங்கள். 1876-ஆம் ஆண்டு, இருபது வயது நிறையும் முன்பே, டப்ளின் நகரத்திலிருந்து லண்டனுக்கு வந்து சேர்ந்தார் அவர். கையில் காசு கிடையாது. ஒன்றன் பின் ஒன்றாக ஐந்து நாவல்கள் எழுதினார். பிரசுரகர்த்தர்கள் அத்தனையையும் திருப்பி அனுப்பினார்கள். இதையெல்லாம் கூடச் சகித்துக் கொண்டார். ஆனால் தெரிந்தவர் வீட்டுக் கதவைத் தட்டுவது இருக்கிறதே, அதுதான் அவரால் முடியாத காரியம்! தேம்ஸ் நதிக்கரையில் ஒரு குடும்பத்தார் அவரை வீட்டுக்கு வரும்படி அழைத்திருந்தார்கள். போவார், கதவைத் தட்டாமல் இருபது நிமிஷம் கரையோரமாக மேலும் கீழும் நடப்பார். ஓடிவிடலாமா என்று தோன்றும். இன்றைக்கு ஓடினால் ஆயுள் முழுவதும் ஓடிக் கொண்டிருக்க வேண்டியதுதான் என்று உள்ளுக்குள் ஏதோ ஒன்று சொல்லும். கடைசியில் தட்டிவிடுவார்.

அவர்தான் ஜார்ஜ் பெர்னார்ட் ஷா. பிற்காலத்தில் அவர் வாயைத் திறந்தால் இங்கிலாந்தே காதைத் தீட்டிக் கொண்டது என்பதை நினைக்கும்போது நமக்கு வேடிக்கையாக இருக்கிறது.

1880-ஐ ஒட்டி நண்பர் ஒருவர் அவரை ஒரு விவாத சபைக்கு அழைத்துப் போனார். ஷா எழுந்து ஏதோ பேசினார். அசடு வழிந்துவிட்டதாக அவருக்கே பட்டது. வேறொருவராயிருந்தால் அந்தப் பக்கம் தலை வைத்துப் படுத்திருக்க மாட்டார். ஷாவோ, இனி ஒரு கூட்டம் விடாமல் வருவது, வருகிற கூட்டத்தில் எல்லாம் பேசியே தீருவது என்று சங்கற்பம் செய்து கொண்டார். எழுந்திருக்கும் முன் நெஞ்சு படபடக்கும். குறிப்புக் காகிதத்தைப் பார்த்தால் ஓர் எழுத்தும் புரியாது. நினைத்து வைத்திருந்த நாலைந்து விஷயங்களில் மிக நல்லது எதுவோ அதுவே மறந்து போகும். ஆனால் தாம் பட்ட சித்திரவதையை எதிரில் இருந்தவர்கள் ஒருவரும் கவனிக்கவில்லை என்று அவரே பின்னால் எழுதியிருக்கிறார். அவர்களுக்கு அவரவர் கவலை!

அதன் பிறகு சுமார் பன்னிரண்டு வருஷ காலம், பதினைந்து நாளைக்கு மூன்று கூட்டம் வீதம், தெருமுனையிலும் பூங்காவிலும் பேசித் தள்ளினார். ஒரு தடவை ஹைட் பார்க்கில் கொட்டுகிற மழை. கேட்க வந்தவர்கள், அவரைக் கண்காணிக்க அனுப்பப்பட்ட ஆறு போலீஸ்காரர்கள்தான். அந்த ஆறு பேருக்கும் மனிதர் முழு நீளப் பிரசங்கம் செய்தார். கேட்காமல் போக அவர்களுக்கு உத்தரவு இல்லையே!

இதே லண்டனில் 1888 முதல் 1891 வரை பாரிஸ்டர் படிப்புப் படித்த நம் நாட்டு வாலிபர் ஒருவரும் இருந்தார். ஷாவைப் போலவே புலால் உண்ணாதவர். கூச்சத்தில் ஷாவையும் மிஞ்சியவர். சைவ உணவுச் சங்கத்தின் நிர்வாகக் கமிட்டியில் இருந்தும் வாய் திறக்க மாட்டார். ஊர் திரும்புமுன் ஒரு ஹோட்டலில் விருந்து வைத்து, வேடிக்கையாக நாலு வார்த்தை பேச எண்ணி எழுந்தார். முதல் வாக்கியத்தோடு எல்லாம் மறந்து போயிற்று. வந்தவர்களுக்கு நன்றி கூறி உட்கார்ந்துவிட்டார்.

பம்பாய் வந்து முதல் வழக்கு. ஸ்மால் காஸ் கோர்ட்டில் பிரதிவாதி கக்ஷி. பீஸ் முப்பது ரூபாய். குறுக்கு விசாரணைக்கு எழுந்தார் காந்தி. தலை சுற்றியது, கோர்ட்டே சுற்றுவது போல் இருந்தது, ஒரு கேள்வியும் தோன்றவில்லை. வேறு வக்கீலை வைத்துக் கொள்ளச் சொல்லிப் பீஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியேறினார். நீதிபதி சிரித்திருப்பார், வக்கீல்களும் வேடிக்கை பார்த்திருப்பார்கள் என்று சுயசரிதையில் சொல்கிறார். ஆனால் அவர் அதைக் கண்ணால் பார்க்கவில்லை. பார்க்கும் நிலையில் அவர் இல்லை.

தைரியம் வரும் வரை வழக்கே எடுப்பதில்லை என்று அப்போது தீர்மானித்தார். இந்த ஏற்பாடு நமக்கெல்லாம் மிகவும் பழக்கமானதுதான். உட்கார்ந்திருந்தால் தைரியம் வருமா? அவருக்கும் வரவில்லை. மாதம் எழுபத்தைந்து ரூபாய்க்கு ஆங்கில வாத்தியார் வேலை கேட்டுப் போனார், பி.ஏ. பட்டம் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். ராஜ்கோட்டுக்குத் திரும்பி மனு எழுதிக் கொடுத்துப் பிழைத்தார்.

1893-இல் தென்னாப்பிரிக்கா. மாரிட்ஸ்பர்க்கில் ரயிலிலிருந்து இறக்கிவிட்டார்கள். மேற்கொண்டு போகும் வழியில் வண்டிக்காரன் அடித்தான். பிரிட்டோரியா போய்ச் சேர்ந்ததும் அங்கிருந்த இந்தியர்களை ஒரு வியாபாரியின் வீட்டில் கூட்டி, வியாபாரத்தில் உண்மை வேண்டும் என்று தொடங்கி, அவர்களுடைய கஷ்டங்களைப் பற்றிப் பேசினார். அவர் செய்த முதல் பிரசங்கம் என்றே அதைச் சொல்ல வேண்டும். நாக்கு ஒட்டிக் கொள்ளவில்லை. 'நான் எப்படிப் பேசுகிறேன்?' என்ற கவலைக்கு அன்று இடமே இருந்திராது. எதிரில் இருந்த ஜனங்களின் கவலை அவ்வளவு பெரியது. ஷா பிடிவாதத்தால் சாதித்ததை இவர் இப்படிச் சாதித்தார் என்பது நம்முடைய அபிப்பிராயம். பயந்த சுபாவமுள்ளவர்களுக்கு இரண்டாவது வழிதான் சுலபம் என்றும் தோன்றுகிறது. தனக்காக வாய் திறக்காத எத்தனையோ தாய்மார்கள், பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் இடம் கேட்கும்போது வக்கீலாகிவிடுவதைப் பார்க்கிறோமே!

1931-இல் வட்டமேஜை மகாநாட்டுக்காகக் காந்திஜி மறுபடி லண்டன் சென்றபோது ஷா அவரைச் சந்தித்தார். ஒருவருக்கு வயது 75, மற்றவருக்கு 62. அந்தப் பயணத்திலேதான் காந்திஜி அமெரிக்க மக்களுக்கு ரேடியோவில் பேசினார். லட்சக்கணக்கானவர்கள் கேட்டார்கள். கையில் குறிப்பு ஒன்றும் இல்லை.