ஏதென்ஸ் வேண்டாம், வசவசமுத்திரம் போதும்!

ஏதென்ஸில் 'அகோரா' என்று கிரேக்கர்களின் பழைய சந்தைத் திடல் இருக்கிறது. உடைந்த தூண்களைப் பார்க்க டிக்கெட் வாங்கிக்கொண்டு போகிறார்கள்.

நம்ம கல்பாக்கத்துக்குத் தெற்கே, பாலாறு கடலில் கலக்கும் இடத்தருகே வசவசமுத்திரம் போங்கள். டிக்கெட் இல்லை... தூணும் இல்லை! "இதைப் பார்க்கவா ஞாயிற்றுக்கிழமையை வேஸ்ட் பண்ணினே?" என்று கூட வந்த நண்பர் முறைப்பார்.

அவசரப்படாதீங்க சார்! 1970 வாக்கில் தமிழ்நாடு தொல்லியல் துறை இங்கே தோண்டியபோது உறைகிணறுகளும் செங்கல் தொட்டிகளும் கிடைத்தன. கூடவே, மேற்கேயிருந்து கப்பலில் வந்த கூம்பு ஜாடிகளின் துண்டுகள். ஒயின் மாதிரி சரக்கு அடைத்து வரும் ஜாடி! கிரேக்க, ரோமானியர்களை நம்மவர்கள் 'யவனர்' என்றார்களே, அந்தக் காலத்துக் கடல் வியாபாரம் தொட்ட கரை இது.

காலில் ஓடு தட்டுப்பட்டால் ஷோகேஸுக்கென்று பாக்கெட்டில் போட்டுக்கொள்ளாதீர்கள். எந்த இடத்தில், எந்த ஆழத்தில் கிடந்தது என்பதுதான் அதன் விலாசம். விலாசம் போனால்... வெறும் ஓட்டாஞ்சில்லு!