தேய்ப்பதா, தளர்த்துவதா?

மாணவர்களே, குளித்து முடித்ததும் ஊறிய முழங்கையை விரலால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் ஏதோ சிறு சிறு உருளையாகத் திரண்டு வரும். அழுக்கு என்றுதான் பலரும் நினைக்கிறோம். அதில் பெரும்பகுதி இறந்துபோன உங்கள் தோல் உயிரணுக்களே!

மேல்தோலின் அடியில் புதிய உயிரணுக்கள் ஓயாமல் பிறக்கின்றன. அவை மேலே தள்ளப்பட்டு, வழியில் கெரட்டின் எனும் புரதத்தால் நிரம்பி, தட்டையாகி, இறந்து உதிர்கின்றன. இதற்கு ஏறக்குறைய நான்கு வாரம் ஆகும். மேற்பரப்பில் இப்படி 15 முதல் 20 அடுக்குகள் வரை எப்போதும் இருக்கும். செங்கல் சுவர்போல் அமைந்த அந்தப் படலம்தான் உடலின் நீரை உள்ளேயும் கிருமிகளை வெளியேயும் வைத்திருக்கிறது.

அந்தச் சுவரின் மேல்வரிசைச் செங்கற்களை அகற்றுவதையே ஸ்பாக்கள் தொழிலாகச் செய்கின்றன. நெடுங்காலம் அதற்கு உராய்வு முக்கிய வழியாக இருந்தது. ரோமானியர் எண்ணெய் பூசி, வளைந்த உலோகக் கருவியால் வழித்தெடுத்தார்கள். துருக்கிக் குளியலறைகளில் சொரசொரப்பான கையுறை. ஜாவாவில் அரிசியும் மஞ்சளும் அரைத்த லூலூர். நம் வீடுகளில் பயற்றமாவும் பீர்க்கங்கூடும்.

1905இல் ஜெர்மானிய மருத்துவர் எர்ன்ஸ்ட் குரோமையர், சுழலும் கருவியால் தழும்புகளைச் செதுக்கும் முறையை விவரித்தார். அது ஆழமாக இறங்கும் என்பதால் மருத்துவர் கையில்தான் இருக்க முடியும். ஸ்பாவுக்கு ஏற்ற மென்மையான வடிவம் 1985இல் இத்தாலியில் உருவானது. நுண்ணிய அலுமினியம் ஆக்சைடு படிகங்களைத் தோல்மீது பீய்ச்சி, உடனே உறிஞ்சி எடுக்கும் இயந்திரம் அது. படிகத் தூள் பறப்பது தொல்லையாக இருந்ததால் வைரத் துகள் பதித்த முனை வந்தது. பிறகு நீரைச் செலுத்தியபடியே உறிஞ்சும் கருவிகளும் வந்தன. கருவிகள் மாறினாலும் அடிப்படை என்னவோ பாட்டியின் பீர்க்கங்கூடுதான்!

வேதியியல் வழி முற்றிலும் வேறு. இறந்த உயிரணுக்களை ஒன்றோடொன்று பிணைக்கும் நுண்ணிய புரத இணைப்புகள் உண்டு. சட்டையின் அழுத்துப் பொத்தான்களைப்போல எண்ணிக்கொள்ளுங்கள். கரும்பில் உள்ள கிளைகோலிக் அமிலமும் புளித்த பாலில் உள்ள லாக்டிக் அமிலமும் அந்தப் பொத்தான்களைத் தளர்த்திவிடுகின்றன. தேய்க்காமலேயே அடுக்கு கழன்றுவிடும். தோல் மீன் செதில்போல் தடித்துவிடும் நோய்க்கு இவ்வகை அமிலங்கள் பயன்படுவதை 1974இல் அமெரிக்காவில் வான் ஸ்காட், யூ என்னும் இருவர் வெளியிட்டார்கள். அழகுத் துறை அதைப் பிடித்துக்கொண்டது பின்னர்தான்.

இங்கே உங்கள் அறிவியல் பாடத்தைக் கொஞ்சம் நினைவுபடுத்துங்கள். தோலின் பிஎச் அளவு ஏறக்குறைய 5. பிஎச் 3 உள்ள திரவம் அதைவிட இரண்டு மடங்கு அன்று, 100 மடங்கு அமிலத்தன்மை கொண்டது. அமெரிக்க அழகுப்பொருள் நிபுணர் குழு ஒன்று, வீட்டில் பூசுபவற்றில் இத்தகைய அமிலம் 10 விழுக்காட்டுக்குள்ளும் பிஎச் 3.5க்குக் குறையாமலும் இருக்க வேண்டும் என்கிறது. பயிற்சி பெற்றவர் பூசிக் கழுவிவிடுவதற்குத்தான் 30 விழுக்காடு வரை. இணையத்தில் விற்கப்படும் சில புட்டிகள் அதையும் தாண்டுகின்றன. பருக்களைப் போக்க நினைத்து அவற்றை வாங்கும் உங்கள் வயதினர் சுவரையே இடித்துக்கொள்கிறார்கள். எரிச்சலும் சிவப்பும் வரும், பருக்கள் மோசமாகவும் கூடும்.

நம் ஊர் வெயில் இன்னொரு சிக்கல். மேலடுக்கு மெலிந்த தோலைப் புற ஊதாக் கதிர் எளிதில் தாக்கும். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் அந்தக் கதிர்க் குறியீடு நண்பகலில் 11ஐத் தொடுவது புதிதல்ல. நம்மைப்போன்ற மாநிறத் தோல் காயம்பட்டால் மெலனின் கூடுதலாகச் சுரந்து கருந்திட்டாகப் படியும். பரு ஒரு வாரத்தில் போய்விடலாம். அந்தத் திட்டு மறைய மாதக்கணக்காகும்.