உங்களுக்குத் தெரியுமா? சிடியின் உயிர் மேல்பக்கத்தில்!

பீரோவில் புடவைகளுக்கு அடியில் கிடந்த கல்யாண சிடியை எடுத்துப் போட்டால், டிரைவ் 'கிர்ர்... கிர்ர்...' என்று சுற்றிவிட்டுக் கையை விரிக்கிறதா? அடிப்பக்கக் கீறல்தான் காரணம் என்று அதையே துடைத்துக்கொண்டிருப்போம். ஆனால் சிக்கல் வேறிடத்திலும் இருக்கலாம்.

கடையில் விற்ற சினிமாப் பாட்டு சிடியில் பதிவாக இருக்கும் நுண்ணிய பள்ளங்கள் அச்சில் வார்த்தவை. கல்யாண சிடி போல, டிரைவில் போட்டு எழுதும் சிடி-ஆரில் இருப்பதோ மெல்லிய சாயப் பூச்சு. லேசர் சுட்ட இடங்களில் ஒளி மங்கலாகத் திரும்பும், அதுதான் பதிவு. சாயமாயிற்றே, வெயிலில் வெளுக்காமல் இருக்குமா? சூடும் ஈரமும்கூட ஆகாது. 1.2 மி.மீ. தடிமனுள்ள தட்டில், இந்தச் சாயமும் அதன் மேலுள்ள உலோகப் பூச்சும் பெயர் எழுதும் பக்கத்தை ஒட்டியே இருக்கின்றன. காப்புக்கு வார்னிஷ் போல ஒரு படலம், அவ்வளவுதான். அதன்மேல் பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி 'அக்கா கல்யாணம்' என்று எழுதினால் என்ன ஆகும்? டிவிடி தேவலை, அதன் பதிவு இரண்டு 0.6 மி.மீ. தகடுகளுக்கு நடுவே பத்திரமாக இருக்கிறது.

சில்லறைப் பிழைகளைச் சரிக்கட்டும் ஏற்பாடு சிடியிலேயே உண்டு. அதனால்தான் உள்ளுக்குள் கெட்டுவருவது தெரியாமல், ஒருநாள் திடீரென்று நிற்கிறது.

உடனே வீசிவிடாதீர்கள். மென்துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடையுங்கள், வட்டமாக வேண்டாம். வேறு டிரைவில் போட்டுப் பாருங்கள். ஒன்று கைவிட்டதை இன்னொன்று படிப்பதுண்டு. திறந்தால், படம் பார்க்க உட்காராமல் முதலில் நகல் எடுங்கள். விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தால் ஊசித் துளைகளாக வெளிச்சம் தெரிகிறதா? அந்த இடங்களில் பூச்சே உதிர்ந்துவிட்டது. துளைகள் பெரிதானாலோ பெருகினாலோ, அங்கிருந்ததை எந்த டிரைவும் மீட்காது.