முதல் இரண்டாயிரம் கிலோமீட்டர்

புதிய காரின் என்ஜின் ஆயிலை முதன்முறையாக எப்போது மாற்ற வேண்டும்? வாகன ஆர்வலர்கள் இருவர் சந்தித்தால் இந்த வாதம் எழாமல் இருப்பதில்லை. 'ஆயிரம் கிலோமீட்டரிலேயே மாற்றிவிடுங்கள், உள்ளே இரும்புத் தூள் சேர்ந்திருக்கும்' என்பார் ஒருவர். 'அதெல்லாம் பழைய காலத்து வழக்கம், ஓராண்டு கழித்துப் பார்த்துக்கொள்ளலாம்' என்பார் மற்றவர். பெரும் பொருள் செலவிட்டு அதிவேகத் திறன் கொண்ட காரை வாங்கியவருக்கு எவர் சொல்லைக் கேட்பது என்ற குழப்பம் நேர்வது இயல்பே.

இருவர் சொல்வதும் ஏதோ ஒரு வாகனத்துக்குப் பொருந்தும். எல்லா வாகனங்களுக்கும் பொருந்தாது என்பதே என் கருத்து. இதற்கு இரு நிறுவனங்களின் நடைமுறையைச் சான்றாகக் கொள்ளலாம்.

ஜெர்மனியின் பிஎம்டபிள்யூ நிறுவனம் தயாரிக்கும் எம்3, எம்4 போன்ற கார்களின் கையேடு, முதல் 2,000 கிலோமீட்டரைப் பழக்கும் காலம் என வரையறுக்கிறது. அதுவரை என்ஜினின் சுழற்சி நிமிடத்துக்கு 5,500-ஐத் தாண்டக் கூடாது. வேகம் மணிக்கு 170 கிலோமீட்டரை மீறக் கூடாது. ஆக்ஸிலரேட்டரை முழுவதுமாக மிதிக்கவும் கூடாது. 2,000 கிலோமீட்டரை எட்டியதும் என்ஜின் ஆயில், ஃபில்டர் ஆகியவற்றுடன் பின்சக்கரங்களுக்கு விசையைப் பகிர்ந்தளிக்கும் டிஃபரன்ஷியலின் ஆயிலையும் மாற்றிவிட வேண்டும். ஜப்பானின் ஹோண்டா நிறுவனமோ, ஆலையில் ஊற்றிய ஆயிலை உரிய காலம் வரும் வரை மாற்றாதீர்கள் என்று தன் கார் வாடிக்கையாளர்களுக்கு அறிவுறுத்துகிறது. இரு நிறுவனங்களுமே என்ஜின் வடிவமைப்பில் பெயர் பெற்றவை. பிறகு ஏன் இந்த முரண்பாடு?

புதிய என்ஜினுக்குள் நடப்பதைப் புரிந்துகொண்டால் விடை கிடைத்துவிடும். சிலிண்டரின் உட்சுவர் கண்ணாடியைப் போல வழவழப்பானதன்று. ஆயில் தங்குவதற்காக நுண்ணிய குறுக்குக் கோடுகளை அதில் வேண்டுமென்றே கீறியிருப்பார்கள். பிஸ்டன் வளையங்கள் மேலும் கீழும் உரசும்போது அக்கோடுகளின் கூர்முனைகள் தேய்ந்து, வளையமும் சுவரும் ஒன்றோடொன்று கச்சிதமாகப் பொருந்துகின்றன. தேய்ந்த உலோகம் நுண்துகள்களாக ஆயிலில் கலக்கிறது. பெரிய துகள்களை ஃபில்டர் பிடித்துக்கொள்ளும். மிக நுண்ணியவை தப்பி, ஆயிலுடன் சுற்றிக்கொண்டே இருக்கும்.

சாதாரணக் காரில் இத்துகள்களால் பெரிய தீங்கில்லை. பாகங்களை இன்று மிகத் துல்லியமாகக் கடைந்தெடுக்கிறார்கள்; என்ஜினும் தன் முழுத் திறனில் அரிதாகவே ஓடுகிறது. மேலும், என்ஜினைப் பொருத்தும்போது பூசப்படும் மசகுப் பொருள்கள் அந்த முதல் ஆயிலில் கலந்திருந்து, பாகங்கள் பழகுவதற்கு உதவுகின்றன. அவசரப்பட்டு அதை வடித்துவிட்டால் நட்டமே. ஹோண்டாவின் அறிவுரைக்கு இதுவே பொருள்.

பந்தயத் தடத்திலும் ஓடுமாறு உருவாக்கப்பட்ட காரின் நிலை வேறு. அதன் டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் முறைக்கு மேல் சுழலக்கூடியது. தாங்கு உருளைகளையும் தண்டையும் பிரித்து வைப்பது சில மைக்ரான் தடிமனே உள்ள ஆயில் படலம். அங்கே சிறு துகளும் பகைதான். டிஃபரன்ஷியலிலோ பொதுவாக ஃபில்டரே கிடையாது. பல்சக்கரங்கள் பழகும்போது உதிரும் உலோகம் வெளியேற வழியின்றி அந்த ஆயிலிலேயே கிடக்கும். என்ஜின் ஆயிலைப் பற்றியே ஓயாமல் பேசுபவர்கள் கவனிக்கத் தவறும் செய்தி இது.

நம் ஊர் மோட்டார் சைக்கிள்களின் முதல் சர்வீஸ் மிக விரைவில் வருவதற்கும் இதையொத்த காரணம் உண்டு. பெரும்பாலானவற்றில் என்ஜின், கிளட்ச், கியர்பாக்ஸ் மூன்றுக்கும் ஒரே ஆயில்தான். மூன்றிலிருந்தும் உதிரும் துகள்கள் அதில்தான் வந்து சேர்கின்றன.

ஆயில் மாற்றும் வேலை எளிதானதே. ஆனால் நுணுக்கங்கள் உண்டு. என்ஜின் மிதமான சூட்டில் இருக்கும்போது வடித்தால் ஆயிலோடு துகள்களும் வெளியேறும். கொதிநிலையில் தொட்டால் கை வெந்துவிடும். வடிகால் திருகின் வாஷரையும் ஃபில்டர் மூடியின் ரப்பர் வளையத்தையும் புதிதாகப் போட வேண்டும். திருகைக் குறிப்பிட்ட முறுக்கு விசைக்கு மேல் இறுக்கினால் அலுமினியத்தாலான ஆயில் தொட்டியின் மரை அழிந்துவிடும். அண்மைக்கால எம் கார்கள் பலவற்றில் அளவுகோல் குச்சி கிடையாது. மின்னணு அளவீட்டையே நம்ப வேண்டும். அது முடியும்வரை பொறுத்திருக்காமல் மேலும் ஊற்றினால், மிகுதியான ஆயிலைச் சுழலும் தண்டு கடைந்து நுரையாக்கிவிடும்.

கெட்டியான ஆயிலே சிறந்தது என்ற நம்பிக்கையும் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. பழைய எம் என்ஜின்கள் சிலவற்றுக்கு 10டபிள்யூ-60 என்ற கெட்டியான ஆயில் தேவைப்பட்டது உண்மை. இன்றைய டர்போ என்ஜின்களோ அதைவிட இளகிய ஆயிலுக்கென்றே வடிவமைக்கப்பட்டவை. விலையையோ விளம்பரத்தையோ பார்க்காமல், கையேடு குறிப்பிடும் அங்கீகாரக் குறியீடு டப்பாவில் அச்சாகியுள்ளதா என்று பார்ப்பதே முறை.

வடித்த ஆயிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் வெள்ளிப் பொடி தூவியதுபோல் மெல்லிய மினுமினுப்பு தெரியலாம். முதல் முறை என்பதால் அஞ்ச வேண்டியதில்லை. கண்ணுக்குப் புலப்படும் உலோகச் சில்லுகள் இருந்தால் மட்டும் உடனே நிறுவனத்திடம் கொண்டுசெல்ல வேண்டும். செய்த வேலைக்கான ரசீதையும் பத்திரப்படுத்துவது அவசியம். உத்தரவாதம் குறித்துக் கேள்வி எழுந்தால் அதுவே சான்று.

இவ்வளவு அக்கறையாக வடித்த ஆயில் எங்கே போகிறது என்பதும் நம் பொறுப்புதான். இத்தகைய கார் ஒன்றிலிருந்து ஏறத்தாழ 7 லிட்டர் வெளியேறும். 2016-ஆம் ஆண்டின் விதிகளின்படி பயன்படுத்திய ஆயில் அபாயகரமான கழிவு. 2023-இல் கொண்டுவரப்பட்ட திருத்தம், அதைத் திரும்பப் பெற்று மறுசுழற்சி செய்யும் பொறுப்பை 2024 ஏப்ரல் முதல் உற்பத்தியாளர்கள் மீதும் சுமத்தியுள்ளது. ஆனாலும், கட்டுமான இடங்களில் சென்ட்ரிங் பலகைகளில் பூசப்படும் கருத்த எண்ணெயாகவும், பட்டறை ஓரத்து மண்ணில் ஊறும் கறையாகவும் அதை நாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். வாகனத்தைச் சர்வீஸுக்கு விடும்போது, 'பழைய ஆயிலை யாரிடம் கொடுக்கிறீர்கள்?' என்று ஒரு வார்த்தை கேட்கலாம்.

புதிய காளையை ஏரில் பூட்டிய முதல் நாளே எந்த உழவரும் முழு வயலையும் உழுதுவிட மாட்டார். அது பழகும்வரை பொறுத்திருப்பார். எந்த மாட்டுக்கு எத்தனை நாள் என்பது மாட்டை அறிந்தவருக்கே தெரியும். காருக்கு அந்தக் கணக்கை அதை வடிவமைத்தவர்கள் எழுதியே கொடுத்திருக்கிறார்கள். வாங்கிய நாளில் முன்னிருக்கைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய அந்தக் கையேட்டைப் பிறர் சொல் கேட்கும் முன் ஒருமுறை எடுத்துப் படித்துவிடுவது நல்லது.