டில்லியில் ஐப்பசி: ரிட்ஜில் நடை, வீட்டில் பின்னல்

நம் ஊரில் ஐப்பசி என்றால் குடை, சேறு, கொடியில் காயாத வேட்டி. டில்லியில் அதே ஐப்பசியில் வானம் கழுவிக் கவிழ்த்த எவர்சில்வர் தட்டு மாதிரி இருக்கும். தென்மேற்குப் பருவமழை செப்டம்பர் கடைசி வாரத்தில் இங்கிருந்து விடைபெற்றுப் போய்விடுகிறது. வடகிழக்குப் பருவமழைக்கோ இந்தப் பக்கம் வேலையே இல்லை. ஆகவே தசராவை ஒட்டி ஒரு மாத காலம், வெயிலும் அதிகம் சுடாது, குளிரும் கடிக்காது. வடக்கே இதற்கு ‘சரத்’ என்று பெயர்.

நம்மவர்களில் பலர் இந்த மாதத்தை அனுபவிப்பதே இல்லை. காரணம், பயம். “குளிர் வரப்போகிறது, ஜாக்கிரதை” என்று ஊரிலிருந்து எச்சரிக்கை வந்ததும் ஜன்னலைச் சாத்திவிட்டு மஃப்ளரைத் தேட ஆரம்பித்துவிடுகிறோம். நானும் அப்படித்தான் இருந்தேன். 1974-ல் மத்திய சர்க்கார் ஆபீசில் குமாஸ்தாவாக வந்து சேர்ந்த எனக்கு, காலை வேளையில் காலாற நடக்கலாம் என்ற எண்ணம் மூன்றாவது வருஷம்தான் உதித்தது. அதுவும் என் செக்ஷனில் இருந்த பஞ்சாபி நண்பர் வலுக்கட்டாயமாக இழுத்துக்கொண்டு போனதால்!

அவர் அழைத்துப் போன இடம் ரிட்ஜ். ஆரவல்லி மலைத்தொடரின் வடகோடி டில்லிக்குள் நுழைந்து யமுனையருகே முடிகிறது அல்லவா, அந்தப் பாறை முகடும் அதன் மேலுள்ள காடும்தான் அது. நகரம் வளர வளர அது துண்டு துண்டாகிவிட்டது. பல்கலைக்கழகத்தை ஒட்டி ஒரு துண்டு. கரோல் பாகிலிருந்து தௌலா குவான் வரை ஒரு துண்டு. மெஹ்ரோலிப் பக்கம் ஒன்று. துக்ளகாபாத் பக்கம் எல்லாவற்றிலும் பெரியது. ஏறத்தாழ 7,777 ஹெக்டேர் நிலத்தைக் காப்புக்காடாக்கும் அறிவிப்பு 1994-ல் வெளியாயிற்று. கரோல் பாக் தமிழர்களுக்கு அது கூப்பிடு தூரம். ஆர்.கே. புரத்துக்காரர்கள் சஞ்சய் வனத்துக்குப் போகலாம்.

காட்டுக்குள் நுழைந்ததும் பழகிய முகம் ஒன்றைப் பார்த்துத் திடுக்கிடுவீர்கள். ராமநாதபுரம் கண்மாய்க் கரையில் பார்த்த அதே சீமைக்கருவேல மரம்! அமெரிக்கக் கண்டத்து மரம். புது டில்லி உருவான காலத்தில் வெள்ளைக்காரர்கள் மொட்டைப் பாறையைப் பச்சையாக்குவதற்காக இங்கே நட்டார்கள். இங்கே அதற்கு ‘விலாயதி கீக்கர்’ என்று பெயர். நாம் ‘சீமை’ என்பதும் அவர்கள் ‘விலாயதி’ என்பதும் ஒன்றேதான். ஊரில் செய்த அக்கிரமத்தையே இங்கும் செய்தது. தன் காலடியில் வேறு செடியை எளிதில் தலையெடுக்க விடுவதில்லை. அதைச் சிறிது சிறிதாக அகற்றி நாட்டு மரங்களை நடும் முயற்சிகள் நடந்து வருகின்றன.

இலையுதிர்காலம் என்று படித்துவிட்டு, காலடியில் சருகு சரசரக்கும் என்று எதிர்பார்த்துப் போகிறவர்கள் ஏமாந்து போவார்கள். டில்லியில் வேம்பும் அரசும் இலையைக் கொட்டுவது பிப்ரவரி கடைசியிலும் மார்ச்சிலும்தான். ஐப்பசியின் சுகம் மூக்கில் இருக்கிறது. பொழுது சாய்ந்ததும் தெருவோரத்து ஏழிலைப்பாலை மரங்கள் பூத்து மணக்க ஆரம்பிக்கும். வடக்கே அதைச் ‘சப்தபர்ணி’ என்கிறார்கள். அதன் மரப்பலகையில் ஒரு காலத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு எழுதுபலகை செய்தார்களாம். தாவரவியல் பெயரிலேயே அந்தப் படிப்புச் சம்பந்தம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வாசனை சிலருக்குச் சொர்க்கம், சிலருக்குத் தலைவலி. எனக்கு முதல் வருஷம் தலைவலி. இப்போது அந்த வாசனை வராவிட்டால் காலண்டரைப் பார்க்கிறேன். விடியற்காலையில் போனால் பவளமல்லி உதிர்ந்து கிடக்கும். இங்கே ‘ஹர்ஸிங்கார்’ என்று சொல்லி மடியில் பொறுக்கிக்கொண்டு போவார்கள். புல்தரையில் வாலை ஆட்டியபடி ஓடும் சின்னஞ்சிறு வாலாட்டிக் குருவியும் இந்த மாதம்தான் வந்து சேரும். அதற்கும் வடக்குக் குளிர் தாங்கவில்லை; பிழைக்க வந்த ஊர் இது.

காட்டுப் பாதையில் போகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. நன்றாக விடிந்த பிறகு போங்கள், தனியாகப் போகாதீர்கள். குரங்குக்குத் தீனி கொடுக்காதீர்கள். ஒன்றுக்குக் கொடுத்தால் அது தன் சுற்றத்தையே அழைத்து வரும்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். அந்த நாளில் கார்த்திகை முழுவதும் நடந்தோம். இன்று அப்படிச் சொல்ல முடியவில்லை. பஞ்சாப், ஹரியானா வயல்களில் அறுவடைக்குப் பின் கொளுத்தும் நெல் தாளின் புகை, வண்டிப் புகை, பட்டாசுப் புகை எல்லாம் சேர்ந்து, காற்று அசையாத குளிர் நாட்களில் நகரத்தின் மேல் மூடி போட்டாற்போல் நின்றுவிடுகின்றன. ஆகவே தீபாவளிக்கு முந்தைய வாரங்களை வீணாக்காதீர்கள். பிறகு காற்றுத் தரக் குறியீட்டைப் பார்த்துவிட்டுச் செருப்பை மாட்டுங்கள். அது மோசமாக இருக்கும் நாளில் வீட்டில் உட்கார்ந்து செய்வதற்கு ஓர் அருமையான வேலை இருக்கிறது.

ஊசியும் நூலும்

1977 ஐப்பசியில் என் மனைவி கைக்குழந்தையுடன் டில்லி வந்தாள். தஞ்சாவூர் ஜில்லாவைத் தாண்டாதவள். ஹிந்தியில் ஒரு வார்த்தை தெரியாது. குவார்ட்டர்ஸில் பக்கத்து வீட்டில் வயதான பஞ்சாபி அம்மாள் ஒருவர். 1947-ல் லாகூரிலிருந்து உடுத்திய துணியோடு வந்தவர். ஒரு நாள் குழந்தையின் வெறும் கைகளைத் தொட்டுப் பார்த்தார். ஏதோ கடிந்துகொண்டார். மறுநாள் இரண்டு பின்னல் ஊசிகளையும் ஓர் உருண்டை கம்பளி நூலையும் என் மனைவி மடியில் போட்டு, “பேட்டி, பைட்” என்று பக்கத்தில் உட்கார வைத்தார்.

என் மனைவி கற்ற முதல் ஹிந்தி ‘ஸீதா, உல்ட்டா’ என்பதுதான். நேர்ப்பின்னல், மறுபின்னல். ஊசியில் ஏறும் கண்ணிக்கு ‘ஃபந்தா’. எண்ணிக்கையும் அப்படியே வந்தது. ஒன்றிலிருந்து நூற்றிருபது வரை ஹிந்தியில் எண்ணுவாள். ஆனால் கறிகாய்க்காரனிடம் விலை கேட்கத் தெரியாது! புள்ளி வைத்துச் சிக்குக் கோலம் போட்ட கைக்குக் கயிறு முறுக்கு மாதிரியான டிசைன்கள் சுலபமாகப் பிடிபட்டன. “இவள் முன்பே பின்னியிருக்கிறாள், பொய் சொல்கிறாள்” என்று மாதாஜி மாடி முழுக்கச் சொல்லி வைத்தார்.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு என் மனைவி சொல்லச் சொன்னது: ஊசியின் நம்பர் ஏற ஏற ஊசி மெலியும். அடி பார்டருக்கும் மணிக்கட்டுக்கும் 12 நம்பர், உடலுக்கு 10 நம்பர். பார்டரில் ஒரு ஸீதா, ஒரு உல்ட்டா என்று மாற்றி மாற்றிப் போட்டால் ரப்பர் மாதிரி இழுத்துக்கொடுக்கும். முதலில் நான்கு அங்குலச் சதுரம் ஒன்று பின்னி, அதில் எத்தனை கண்ணி என்று எண்ணிவிட்டுத்தான் மார்பளவுக்குக் கணக்குப் போட வேண்டும். இந்தச் சதுரத்துக்குச் சோம்பியவர்களின் ஸ்வெட்டர் ஒன்று கணவருக்குப் பிடிக்கும், அல்லது கட்டிலுக்குப் பிடிக்கும்.

நல்ல ஆட்டுக் கம்பளிக்கு ஈடு வேறில்லை. அதன் இழை இயற்கையாகவே சுருண்டிருப்பதால் உள்ளே காற்றைப் பிடித்து வைக்கும். அந்தக் காற்றுதான் குளிரைத் தடுக்கிறது. தன் எடையில் சுமார் 30 சதவீதம் ஈரத்தை வாங்கிக்கொண்டும் நனைந்தது போல் இருக்காது. அக்ரிலிக் நூல் மலிவு, துவைப்பதும் எளிது. ஆனால் ஈரத்தை இழுக்காது. கம்பளியை வெந்நீரில் போட்டால் குறுகிப்போகும். ஆறிய தண்ணீரில் பூந்திக்கொட்டை நுரையில் அலசி, பிழியாமல் ஒற்றி, நிழலில் படுக்கவைத்து உலர்த்த வேண்டும். கொடியில் போட்டால் கை முழங்காலுக்கு வந்துவிடும்.

அந்த நாளில் மதிய இடைவேளையில் சென்ட்ரல் செக்ரடேரியட் புல்வெளிகளைப் பார்த்திருக்க வேண்டும். வேர்க்கடலைத் தோல் குவியல்களுக்கு நடுவே பெண் ஊழியர்கள் வரிசையாக உட்கார்ந்து பின்னுவார்கள். ஃபைல் நகராவிட்டாலும் ஊசி நகரும் என்று கேலி பேசாதவர்கள் கிடையாது. நான் கண்ணால் பார்த்தவரை அதே புல்வெளியில் சீட்டாடிய ஆண்கள்தான் அதிகம். அவர்கள் கையிலிருந்து ஒரு குல்லாய்கூட வெளிவந்ததில்லை.

1981 குளிர்காலத்தில் என் தகப்பனார் டில்லிக்கு வந்தார். என் மனைவி அவருக்குக் காபிப்பொடி நிறத்தில் முழுக்கை ஸ்வெட்டர் பின்னினாள். அரைக் கிலோ நூல் பிடித்தது. ஊருக்குத் திரும்பியும் அவர் அதை விடவில்லை. மார்கழி விடியலில் வேட்டிக்கு மேல் ஸ்வெட்டரோடு குளத்தங்கரைக்குப் போவாராம். “டில்லி துரை வருகிறார்” என்று கேலி செய்தார்களாம். 1990-ல் அவர் காலமான பிறகு அம்மா அதை எங்களிடமே கொடுத்தனுப்பினாள். மனைவி அதை டிரங்குப் பெட்டியில் வேப்பிலை போட்டு வைத்தாள். ஒரு வருஷம் யாரும் தொடவில்லை. மறு ஐப்பசியில் எடுத்துப் பார்த்தால் முழங்கைப் பக்கம் பூச்சி அரித்திருந்தது.

பிரிப்பதா, வேண்டாமா என்று வீட்டில் ஒரே மௌனம். அப்போது எங்களோடு இருந்த அம்மாதான், “பிரிச்சுப் பின்னுடி. பெட்டியிலே இருந்தா பூச்சிதான் போட்டுக்கும்” என்றாள். நானும் மனைவியும் எதிரெதிரே உட்கார்ந்து பிரித்தோம். நூல் வளைந்து வளைந்து வந்தது. நாற்காலி முதுகில் சுற்றிச் சிட்டமாக்கி, கெட்டில் ஆவியில் காட்டினால் அது நிமிர்ந்துவிடும். இதுவும் மாதாஜி சொல்லிக்கொடுத்ததுதான். அரித்த இடங்களைக் கழித்துவிட்டு மிஞ்சியதில் ஆறு வயதுப் பையனுக்குக் கையில்லாத ஸ்வெட்டர் ஒன்று ஆயிற்று. அவன் வளர்ந்ததும் அதையும் பிரித்தோம்.

இந்த வருஷம் அந்த நூலில் எஞ்சிய இரண்டு உருண்டைகளைப் பேத்தியின் குல்லாய்க்கென்று மனைவி எடுத்து வைத்திருக்கிறாள். 10 நம்பர் ஊசியில் ஒன்றைக் காணோம். தேடிக்கொண்டிருக்கிறோம்.