பழைய பலகையா? விறகு விலைக்கு விட்டுவிடாதீர்!

தோட்டம் கைமாறுகிறது, வீடமைப்புத் திட்டம் வருகிறது, லயத்து வீடுகள் ஒவ்வொன்றாக இடிபடுகின்றன. தோட்டத்துப் பெருமக்களுக்கு இது புதிய செய்தியல்ல. நஷ்டஈடு என்ன, மாற்று வீடு எங்கே, கோயிலும் பள்ளிக்கூடமும் என்னாகும் என்று கேட்கிறோம். முதலில் கேட்க வேண்டியவை அவைதாம். ஆனால், வீட்டை இடித்த பிறகு குவியலாகக் கிடக்கும் தூண், உத்திரம், பலகை ஆகியவற்றைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

"அட, பழைய பலகைதானே! எடுத்துட்டுப் போனா போவட்டும்" என்று விட்டுவிடுகிறார்கள் நம்மவர்கள். மறுநாள் லாரி வருகிறது. நல்ல கட்டைகளெல்லாம் ஏறிப் போய்விடுகின்றன. மிஞ்சியது அடுப்புக்குப் போகிறது. பிறகு அதே மரம் இழைக்கப்பட்டு, எண்ணெய் பூசப்பட்டு, நகரத்துக் கடையில் மேசையாக நிற்கிறது. நம்மால் கிட்டே போய் விலை கேட்க முடியுமா?

நம் பால் மரத்தின் கதை நினைவிருக்கிறதா? 25, 30 ஆண்டு பால் கொடுத்து ஓய்ந்த மரத்தை ஒரு காலத்தில் விறகாக எரித்தார்கள். ரப்பர் சீட்டுக்குப் புகை போடவும் அதுதான். மருந்து ஏற்றிக் காயவைத்தால் நல்ல மேசை நாற்காலி செய்யலாம் என்று தெரிந்ததும், 1980-களிலிருந்து அது வெளிநாடுகளுக்குத் தளவாடமாகப் போகத் தொடங்கியது. மூவார் பட்டணத்துத் தொழிற்சாலைகள் பல அதை நம்பியே வளர்ந்தன. விறகு என்று பெயர் வைத்தால் விறகு விலை. மரம் என்று தெரிந்தால் மர விலை!

செங்கல் அல்ல, செங்கால்!

பழைய வீடுகள் எல்லாமே உயர்ந்த மரத்தால் கட்டியவை அல்ல. சுவர்ப் பலகை பெரும்பாலும் மெராந்தி போன்ற இலேசான மரம். ஆனால், பாரம் தாங்கும் தூணிலும் உத்திரத்திலும் செங்கால், பாலாவ், மெர்பாவ் போன்ற கனத்த காட்டு மரங்கள் இருக்க வாய்ப்புண்டு.

செங்கால் மரம் இயற்கையாக வளர்வது தீபகற்ப மலேசியாவிலும் தாய்லாந்தின் தென்கோடியிலும்தான். மிக மெதுவாக வளரும். திரங்கானுவின் பாசிர் ராஜா காட்டில் உள்ள ஒரு செங்கால் மரத்துக்கு வயது ஆயிரத்துக்கும் மேல் என்று கணித்திருக்கிறார்கள். அதே மாநிலத்தின் பூலாவ் டூயோங்கில் வரைபடம் இல்லாமல் கண்ணளவிலேயே கப்பல் கட்டிய தச்சர்கள் தேர்ந்தெடுத்ததும் இந்த மரத்தைத்தான். உப்புத் தண்ணீரையே தாங்குகிற மரம்!

நம் பெரியவர்கள் "வைரம் பாய்ந்த கட்டை" என்பார்கள். மரத்தின் நடுப்பகுதி முற்றி இறுகுவதுதான் வைரம். வெளிப்பகுதி வெளிறு. கறையான் முதலில் தின்பது வெளிற்றைத்தான். பல தலைமுறை காட்டில் நின்ற மரத்தில் வைரம் மிகுதி, வெளிறு குறைவு. இன்று அவசரமாக வளர்த்து வெட்டும் மரத்தில் அதை எதிர்பார்க்க முடியாது. அப்படிப்பட்ட பெரிய காட்டு மரங்கள் குறைந்துவிட்டன. தீபகற்பத்திலிருந்து வெட்டுமரத்தை அப்படியே ஏற்றுமதி செய்வதற்கு 1985-லேயே தடை வந்தது. ஆகவே இடிந்த லயத்தில் கிடக்கும் உத்திரம் போனால், அதற்கு ஈடான புது மரம் எளிதில் கிடைக்காது.

எப்படி அறிவது?

முதலில் தூக்கிப் பாருங்கள். 4 அங்குலத்துக்கு 4 அங்குலம், 10 அடி நீளமுள்ள காய்ந்த செங்கால் கட்டை சுமார் 30 கிலோ இருக்கும். அதே அளவு பால் மரக் கட்டை 20 கிலோவுக்குள் அடங்கும்.

அடுத்து, ஓர் ஓரத்தைச் சீவிப் பாருங்கள். மேலே சாம்பல் நிறமாக இருந்தாலும் உள்ளே பழுப்பு நிறம் தெரியும். புதிதாக அறுத்த செங்கால் பச்சை கலந்த மஞ்சள் பழுப்பு. நாளாக ஆக அது கருஞ்சிவப்பாகும். குண்டூசித் தலை அளவு சின்னத் துளைகள் இருந்தால் பயப்பட வேண்டாம். மரம் காட்டில் நின்ற காலத்திலேயே வண்டு போட்ட துளை அது. ஆனால், துளையிலிருந்து புதிதாக மாவு கொட்டினால் உள்ளே பூச்சி உயிரோடு இருக்கிறது. அந்தக் கட்டையைத் தனியே வையுங்கள்.

மெர்பாவ் என்றால் ஈரம் பட்டதும் பழுப்புச் சாயம் இறங்கும். சுத்தியலால் தட்டினால் நல்ல கட்டை 'கணீர்' என்கும். உள்ளே கறையான் தின்றது 'பொத்' என்கும்.

வேலை செய்யும் முறை

வீட்டைத் தாறுமாறாக இடித்தால் மரம் பிளந்து பாழாகும். மேலிருந்து கீழாக, கட்டிய வரிசைக்கு நேர்மாறாகக் கழற்ற வேண்டும். கெடாவிலிருந்த பெங்ஹுலு அபு செமான் என்பவரின் பழைய மர வீட்டை மலேசிய மரபுரிமை அமைப்பு ஒன்று அப்படித்தான் கழற்றி, 1996-ல் கோலாலம்பூரின் ஸ்டோனர் சாலைக்குக் கொண்டுவந்து மறுபடி நிறுத்தியது. பொறுமையாகக் கழற்றினால் முழு வீட்டையே இடம் மாற்றலாம் என்றால், நாலு உத்திரத்தைக் காப்பாற்ற முடியாதா?

பிறகு ஆணி. கண்ணுக்குத் தெரிந்ததைப் பிடுங்கினால் போதாது. தலை முறிந்த ஆணி உள்ளே ஒளிந்திருக்கும். காந்தத்தைப் பலகை நெடுகத் தேய்த்துப் பாருங்கள். சுற்றும் ரம்பத்தில் ஆணி மாட்டினால் பல் தெறித்து முகத்தில் அடிக்கும். கண்ணாடி போடாமல் ரம்பத்தின் பக்கமே போகாதீர்கள்.

உளுத்த முனைகளை அறுத்துத் தள்ளுங்கள். இந்த மரம் உளியையும் இழைப்புளியையும் சீக்கிரம் மழுக்கும். அடிக்கடி தீட்ட வேண்டும். மின்சார ரம்பமானால் கார்பைடு பல் வைத்தது நல்லது. திருகாணியை நேரே இறக்கினால் ஆணி முறியும் அல்லது மரம் வெடிக்கும். முதலில் துளை போட்டு, ஆணியில் கொஞ்சம் சோப்பு தடவி இறக்குங்கள். அதைவிட, துளை போட்டு நாக்கு செருகி மர முளை அடிக்கும் பழைய பொருத்தே சிறந்தது. பழைய ஆணித் துளைகளையும் மர முளையால் அடைக்கலாம். கரும்புள்ளியாக விட்டாலும் அழகுதான்.

முதல் வேலையாக ஒரு முக்காலி, ஒரு பெஞ்சு, ஒரு சாமி மாடம் என்று சின்னதாகத் தொடங்குங்கள். மேலே ஆளிவிதை எண்ணெய் தடவினால் போதும். எண்ணெய்த் துணியை மட்டும் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவைத்த பிறகே வீசுங்கள்.

தொடக்கூடாத மரம்

இரயில் தண்டவாளத்தின் அடியில் கிடந்த கம்பாஸ் கட்டைகளுக்குக் கிரியோசோட் எண்ணெய் ஏற்றியிருப்பார்கள். கறுப்பாக, தார் வாடை அடிக்கும். அதில் மேசையோ தொட்டிலோ செய்யக்கூடாது; அடுப்பிலும் எரிக்கக்கூடாது. பூச்சி மருந்து அடித்த கட்டைக்கும் இதே விதிதான்.

பழைய சாயத்தில் ஈயம் இருக்கலாம். காய்ந்த சாயத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் அந்தத் தூசு குழந்தைகளின் மூச்சில் போகும். நனைத்துச் சுரண்டுங்கள், முகமூடி போடுங்கள், சுரண்டியதைக் கூட்டி அப்புறப்படுத்துங்கள். கூரையிலோ மேல்தட்டிலோ ஆஸ்பெஸ்டாஸ் தகடு இருந்தால் அதை உடைக்கவே கூடாது. அது விவரம் தெரிந்தவர்கள் கழற்ற வேண்டிய பொருள்.

மரம் யாருக்குச் சொந்தம்?

கவனிக்க வேண்டிய விஷயம் இதுதான். மூன்று தலைமுறையாகக் குடியிருந்தாலும் லயத்து வீடு பொதுவாக நிர்வாகத்தின் சொத்து. "எங்க தாத்தா இருந்த வீடு" என்று சொல்லிப் பலகையை எடுத்தால், திருட்டுப் புகாரில் கொண்டுபோய் விடலாம். ஆகவே, வீடு இடிபடும் முன்பே கேட்க வேண்டும். நஷ்டஈட்டுப் பேச்சில் இதையும் ஒரு கோரிக்கையாக வைக்கும்படி சங்கக் கிளைத் தலைவரிடம் சொல்லுங்கள். நிர்வாகம் சம்மதித்தால் இத்தனை தூண், இத்தனை உத்திரம் என்று எண்ணி எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். வாய்ச்சொல் போதாது. பங்கு பிரிப்பதில் சண்டை வராமலிருக்க, வீட்டுக்கு ஒரு கட்டை என்று முன்கூட்டியே பேசி முடியுங்கள்.

கோயில் கமிட்டியாருக்கும் ஒரு வார்த்தை. சிமெண்டுக் கோயில் எழுப்பும்போது பழைய மரக் கதவையும் நிலையையும் மழையில் போட்டுவிடாதீர்கள். உளுக்காத கதவைப் புதுக் கோயிலின் ஒரு வாசலுக்காவது வையுங்கள்.

வேலை தேடும் நம் இளைஞர்களுக்கும் இதில் வழியுண்டு. தச்சு, தளவாட வகுப்பு எங்கே நடக்கிறதென்று அரசாங்கத் தொழிற்பயிற்சி நிலையங்களில் விசாரியுங்கள். தோட்டத்திலேயே பழைய தச்சர் ஒருவர் இருந்தால் அவரிடம் போய் உளி பிடிக்கப் பழகுங்கள். உளி பிடிக்கத் தெரிந்தவன் லாரிக்காரன் சொல்லும் விலையை நம்ப மாட்டான்.

நம் பிள்ளைகளுக்குத் தொட்டில் கட்டிய உத்திரம் அது. வீடு போனாலும் அந்த உத்திரம் புது வீட்டில் ஒரு பெஞ்சாகவாவது இருக்கட்டும். லாரி வருவதற்கு முன் கமிட்டியைக் கூட்டுங்கள், கடிதத்தை எழுதுங்கள்!